நாலு கோடி இலக்கமும் ஒரு பொய்யும்

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். போன செமஸ்டரில் எங்கள் துறை செமினாரில் நான் ஒரு பொய் சொன்னேன்.

தலைப்பு, 2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட 2^136279841 − 1 என்கிற பகா எண். (2^5 என்று எழுதினால் ஐந்து இரண்டுகளைப் பெருக்கியது, அதாவது 32 என்று படித்துக்கொள்ளவும். மேலே தூக்கி எழுத எனக்குச் சோம்பல்.) இருபது நிமிஷம் பேசி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து எதிர்பார்த்த கேள்வி வந்தது. "இதனால என்னடா பிரயோஜனம்?" எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "பேங்க், ஆன்லைன் பணம், என்கிரிப்ஷன் எல்லாத்துக்கும் பெரிய பெரிய பகா எண்கள் வேணும்." கைதட்டல். டீ. சமோசா.

வெளியே வந்ததும் இரண்டாம் வருஷப் பையன் ஒருவன் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, ஒரு டவுட். அந்த நம்பர்தான் எல்லாருக்கும் தெரியுமே. நீங்களே போர்டுல எழுதிட்டீங்க. அப்புறம் அது எப்படிண்ணா ரகசியம்?"

சமோசா தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அவன் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. நான் சொன்னது, செய்தித்தாள்கள் சொல்வது, பல கணக்கு வாத்தியார்கள் சொல்வது எல்லாமே தப்பு. தப்பு என்றுகூடச் சொல்லமாட்டேன், ஜல்லி. இன்று அந்த ஜல்லியைக் கொஞ்சம் உடைக்கலாம் என்று இருக்கிறேன்.

வங்கிப் பாதுகாப்பில் பகா எண் எங்கே வருகிறது? ஆர்எஸ்ஏ என்கிற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பகா எண்களை ரகசியமாகத் தேர்ந்தெடுத்து, பெருக்கி, பெருக்கல் தொகையை மட்டும் ஊருக்குச் சொல்கிறோம். தொகையிலிருந்து அந்த இரண்டையும் பிரித்தெடுப்பது மகா கஷ்டம் என்பதில்தான் பூட்டு இருக்கிறது. பரவலாகப் புழங்கும் 2048 பிட் பூட்டில் அந்த இரண்டு எண்களும் ஆளுக்குச் சுமார் 309 இலக்கம். அவ்வளவுதான். 309! நான் செமினாரில் பெருமையடித்த எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். பூட்டுக்குச் சாவி கேட்டவனுக்கு மலையைக் கொண்டுவந்து வாசலில் வைத்த கதை.

இலக்கம் கூடினால் பாதுகாப்பும் கூடாதா என்று கேட்கலாம். உங்கள் பூட்டின் இரண்டு எண்களில் ஒன்று இது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடன் என்ன செய்வான்? செய்தித்தாளைப் பார்த்து ஒரு முறை வகுப்பான். தீர்ந்தது. இந்த வேலைக்கு எண் பெரியதாக இருப்பதைவிட யாருக்கும் தெரியாததாக இருப்பது முக்கியம். அப்படிப்பட்டவைக்குப் பஞ்சமே இல்லை. அந்த 1024 பிட் அளவில் மட்டும் உள்ள பகா எண்கள் ஏறத்தாழ 10^305, அதாவது ஒன்றுக்குப் பின்னால் 305 சைபர். உங்கள் கம்ப்யூட்டர் குருட்டாம்போக்கில் எண்களை எடுத்துச் சோதித்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றைப் பிடித்துவிடும். யாரும் வருஷக்கணக்கில் தேட வேண்டியதில்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் தெரிந்த பகா எண்களைப் பயன்படுத்தும் முறைகளும் உண்டு. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் செய்தியைப் பூட்டும் முறையில் 2^255 − 19 என்ற பகா எண் இருக்கிறது. அது பகிரங்கமானது, ஏனென்றால் அங்கே ரகசியம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கும் 77 இலக்கம்தான். கணக்கு வேகமாக ஓட வேண்டும் என்பதால் வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறார்கள். நாலு கோடி இலக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு "குட் மார்னிங்" அனுப்பினால் அது போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் :-)

ஆக, "சாதனை படைத்த பகா எண் குறியீட்டியலுக்கு உதவும்" என்ற வாக்கியம் பொய். அதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. நானே சொன்னேனே. ஏன் சொன்னேன் என்று யோசித்தால் காரணம் வெட்கம்தான். "பிரயோஜனம் இல்லை" என்று சொல்ல வெட்கம். என்ஜினியரிங் படிக்காமல் கணக்கு எடுத்தவனுக்கு இந்த வெட்கம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்தோறும் புதுப்பிக்கப்படும்.

நிற்க. சுமார் 250 வருஷம் பின்னால் போவோம்.

1772-இல் ஆய்லர் 2^31 − 1, அதாவது 2147483647, ஒரு பகா எண் என்று நிறுவிவிட்டார். சாதாரணமாக இதைச் சோதிக்க 46,340 வரையுள்ள சுமார் 4,800 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் அந்த வேலையைச் செய்யவில்லை. இந்த எண்ணுக்கு ஒரு பகா வகுத்தி இருந்தால் அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும் என்று முதலில் காட்டினார். அந்த நிபந்தனையைத் தாண்டுபவை நூறுகூடத் தேறாது. அவற்றை மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். 4,800 வகுத்தலை நூறுக்குள் சுருக்கிய அந்த ஒரு வரி இருக்கிறதே, அதுதான் கணிதம். மிச்சம் கூலி வேலை.

இப்படி ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் (2^ஏதோ − 1 என்ற வடிவில் உள்ள பகா எண்) கூடவே ஒரு நிறைவெண்ணையும் அழைத்து வரும். நிறைவெண் என்றால் தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளைக் கூட்டினால் தானே வருவது. 6 = 1 + 2 + 3. அடுத்தது 28. யூக்ளிட் காலத்துச் சரக்கு. ஆய்லரின் எண் தந்த நிறைவெண் 2305843008139952128. 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் தன் புத்தகத்தில், இதுவரை கண்டதிலும் இனிமேல் காணப்போவதிலும் இதுதான் பெரிய நிறைவெண்ணாக இருக்கும் என்று எழுதினார். என்ன காரணம்? இவை வெறும் விநோதங்கள், ஒரு பயனும் இல்லை, எனவே இதற்கு மேல் தேட எவனும் மெனக்கெடமாட்டான் என்பதுதான்.

எங்கள் கடைசி பெஞ்சுக்குப் பூட்டன் பார்லோதான்!

அவர் தோற்ற விதத்தை மட்டும் கவனியுங்கள். நிறைவெண்களுக்குப் பயன் இல்லை என்றார். இன்றுவரை அது உண்மை. யாரும் நிறைவெண்ணை வைத்துப் பாலம் கட்டவில்லை. ஆனால் எவனும் தேடமாட்டான் என்றார் பாருங்கள், அங்கேதான் சறுக்கினார். 1876-இல் லூக்கா 2^127 − 1 பகா எண் என்று கையாலேயே நிறுவினார். 39 இலக்கம். 1951 வரை 75 வருஷம் அதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் தெரியாது. 1883-இல் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார் 2^61 − 1-ஐப் பிடித்தார். பயன் இல்லாவிட்டால் மனிதன் தேடமாட்டான் என்ற ஊகம்தான் தப்பு, பயன் இல்லை என்பது அல்ல. நம் ஆட்களோ தலைகீழாகச் செய்கிறார்கள். பார்லோவின் ஊகத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதைச் சமாளிக்க இல்லாத பயனை இட்டுக்கட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு தப்பித்தல் உண்டு. "இன்று பயன் இல்லை, நாளைக்கு வரும்" என்பது. கையில் நல்ல உதாரணமே இருக்கிறது. 1952 ஜனவரியில் ராபின்சன் என்ற கணிதர் ஸ்வாக் என்ற ஆரம்பகாலக் கம்ப்யூட்டரில் ஒரு நிரலை ஓட்டி 2^521 − 1 பகா எண் என்று கண்டுபிடித்தார். 157 இலக்கம். ரகசியம் காப்பதெல்லாம் அவர் எண்ணத்திலேயே இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து அதே எண் அமெரிக்க அரசின் குறியீட்டுத் தரங்களில் ஒன்றில் உட்கார்ந்தது. 1971-இல் கண்ட 2^19937 − 1-ஐ எடுத்துக்கொண்டால், பைத்தான் மொழியில் சும்மா ஒரு எண்ணைக் குலுக்கிப் போடச் சொன்னால் பின்னால் ஓடும் இயந்திரத்தின் சுழற்சி நீளமே அதுதான்.

அழகான கதைகள். ஆனாலும் இதை வைத்து நான் வாதாடப்போவதில்லை. இது லாட்டரிச் சீட்டு வாதம். பரிசு விழுந்த சீட்டை மட்டும் எடுத்துக் காட்டுகிற வாதம். 2^136279841 − 1 என்றைக்கும் எதற்கும் பயன்படாமலேயே போகலாம். அப்படிப் போனால் அது தேடத் தகாததாக இருந்தது என்று ஆகிவிடுமா? ஆகாது என்றால் இந்த வாதமே வேண்டியதில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் பயன் கேட்கமாட்டார்கள், வாயைப் பிளப்பார்கள். "பக்கத்துக்கு 2,000 இலக்கம் அச்சிட்டால் இருபதாயிரம் பக்கம் வரும்!" "நொடிக்கு ஒன்றாகச் சொன்னால் 474 நாள் ஆகும்!" செய்தி என்ற பெயரில் இதையேதான் போடுகிறார்கள். ஐயா, இலக்கத்தில் என்ன இருக்கிறது? நாலு கோடி இலக்க எண் வேண்டுமென்றால் 9-ஐ நாலு கோடி தடவை எழுதுங்கள். இன்னும் வேண்டுமென்றால் இன்னொரு 9. அதோடு, இந்த எண்ணை இரண்டின் அடிமானத்தில் எழுதிப் பாருங்கள். 13,62,79,841 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், வேறு ஒன்றும் இருக்காது. அதைப் போல ஒரு மொக்கை எண் உலகத்தில் கிடையாது.

பகா எண் என்பதாலேயே அபூர்வம் என்றும் இல்லை. அவ்வளவு பெரிய எண்களுக்கு நடுவில் சராசரியாக ஒன்பதரைக் கோடி எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். இதற்கு முன் சாதனை வைத்திருந்த, 2018-இல் கண்ட 2^82589933 − 1-க்கும் இதற்கும் இடையில் எண்ணி மாளாத பகா எண்கள் கிடக்கின்றன. பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று யூக்ளிட் காலத்திலேயே நிறுவியாகிவிட்டது. எனவே "உலகின் மிகப்பெரிய பகா எண் கண்டுபிடிப்பு" என்று தலைப்புப் போடுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். "நமக்குத் தெரிந்ததில்" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். தலைப்பில் இடமில்லை என்றால் "உலகின்" என்பதை எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் இதில் எதற்குத்தான் மதிப்பு? நமக்கு அது பகா எண் என்று தெரியும் என்பதற்கு. எழுதி முடிக்க முடியாத ஒரு எண்ணைப் பற்றி இப்படி ஒரு விஷயத்தை ஐயமில்லாமல் தெரிந்துகொள்ள முடிகிறது என்பதற்கு.

சின்ன உதாரணம். இதன் கடைசி இலக்கம் என்ன? இரண்டின் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6, மறுபடி 2, 4, 8, 6 என்று சுற்றும். 136279841-ஐ நாலால் வகுத்தால் மீதி 1. எனவே 2-இல் முடியும், ஒன்றைக் கழித்தால் 1. நாலு கோடி இலக்கத்தில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் கடைசியைச் சொல்லிவிட்டோம். எத்தனை இலக்கம் என்பதும் அப்படித்தான். அடுக்கை 0.30103-ஆல் பெருக்கினாலே கிட்டத்தட்ட விடை வந்துவிடும். இதையெல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யலாம்.

பகா எண்தானா என்ற சோதனையும் அதே எளிமை. 1870-களில் லூக்கா தொடங்கி வைத்தது, 1930-இல் லேமர் செதுக்கிக் கொடுத்தது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழியுங்கள். சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி அதே. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்தபின் சைபர் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. (அடுக்கு 2-ஐவிடப் பெரிய பகா எண்ணாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.) 2^7 − 1 = 127-க்குச் செய்வோமா? ஐந்து தடவை. 4, 14, 194. அதை 127-ஆல் வகுத்தால் மீதி 67. அடுத்து 42. அடுத்து 111. 111-இன் வர்க்கம் 12,321, இரண்டு போனால் 12,319, அது சரியாக 127 × 97. மீதி சைபர். 127 பகா எண்.

ஒரு வகுத்தியைக்கூடத் தேடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எனக்கு முதல் தடவை இது புரிந்தபோது ஹாஸ்டல் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் சும்மா நடந்துகொண்டிருந்தேன்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 2^11 − 1 = 2047 = 23 × 89. மெர்சென் பாதிரியாரே 1644-இல் தந்த பட்டியலில் 67-ஐயும் 257-ஐயும் தப்பாகச் சேர்த்து, 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். 2^67 − 1 பகா எண் அல்ல என்று லூக்கா 1876-இலேயே காட்டிவிட்டார். ஆனால் எதனால் வகுபடும் என்று அவருக்கும் தெரியாது. 27 வருஷம் கழித்து 1903-இல் கோல் என்பவர் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் 193707721 × 761838257287 என்று விடையை வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்று கதை சொல்வார்கள். உடையும் என்று தெரிவதும் எங்கே உடையும் என்று தெரிவதும் வேறு வேறு. வங்கிப் பூட்டு உண்மையில் இந்த இடைவெளியில்தான் தொங்குகிறது. செமினாரில் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கைதட்டு வாங்கினேன்.

நாலு கோடி இலக்க எண்ணுக்கும் அதே 4-தான் தொடக்கம். சோதனை 13,62,79,839 தடவை ஓட வேண்டும், ஒவ்வொரு தடவையும் நாலு கோடி இலக்க எண்ணின் வர்க்கம். ஜிம்ப்ஸ் என்ற தன்னார்வலர் திட்டம் 1996-இலிருந்து இந்தத் தேடலை நடத்துகிறது. லூக் டுரான்ட் என்ற முன்னாள் என்விடியா ஊழியர் 17 நாடுகளில் ஆயிரக்கணக்கான ஜிபியுகளை இதற்காகக் கோத்தார். 2024 அக்டோபர் 11-இல் அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒன்று "பகா எண்ணாக இருக்கலாம்" என்றது. மறுநாள் டெக்சஸில் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொன்று லூக்கா - லேமர் சோதனையை முடித்துச் சைபரைக் காட்டியது. அதன்பிறகும் வேறு வேறு நிரல்கள், வேறு வேறு வன்பொருள்களில் சரிபார்த்துவிட்டுத்தான் 21-ஆம் தேதி அறிவித்தார்கள். கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே நம்புகிறார்கள் என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

இவ்வளவு கரண்டும் காசும் வீணா என்று கேட்பவரிடம் எனக்குச் சண்டை இல்லை. அது நேர்மையான கேள்வி. பரிசு 3,000 டாலர், அதையும் அவர் தான் படித்த அலபாமா பள்ளியின் கணிதத் துறைக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். லாபக் கணக்கே இல்லை. இதில் புதிய தேற்றம் ஏதும் நிறுவப்படவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். மெர்சென் பகா எண்கள் முடிவில்லாதவையா என்பது முன்பும் தெரியாது, இப்போதும் தெரியாது. தேற்றம் வேண்டுமென்றால் 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் செய்ததைப் பாருங்கள். எந்த எண்ணையும் பகா எண்ணா என்று நியாயமான காலத்துக்குள் உறுதியாகச் சொல்லும் வழி உண்டு என்று நிறுவினார்கள். அவர்களில் இருவர் அப்போதுதான் பி.டெக் முடித்திருந்தார்கள். அந்த வழி இந்தத் தேடலில் பயன்படுவதில்லை, ரொம்ப மெதுவானது. அதனால் அதன் பெருமை ஒரு துளி குறைந்ததா?

"வீண்" என்பவரோடு உட்கார்ந்து பேசலாம். "பேங்குக்கு உதவும்" என்பவரோடு பேசவே முடியாது, ஏனென்றால் அவர் நம்புவது உண்மையில்லை. அந்தப் பதிலைக் கேட்டு வளர்கிற பையன் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொள்கிறான். ஒன்று, பகா எண்ணுக்கும் பூட்டுக்கும் உள்ள தொடர்பைத் தப்பாக. இரண்டு, ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுவதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று. முதலாவதைப் பரீட்சைக்கு முன்னால் திருத்திக்கொள்ளலாம்.

அந்த இரண்டாம் வருஷப் பையனைப் போன வாரம் தேடிப் போய், நான் சொன்னது தப்புடா தம்பி என்று சொன்னேன். சிரித்தான். "தெரியும்ணா" என்றான். லூக்கா - லேமர் சோதனையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, 2^13 − 1 = 8191-க்குக் கையால் செய்து பார் என்றேன். மெஸ் பில்லுக்குப் பின்புறம் செய்துகொண்டு வந்தான். நாலாவது வரியில் ஒரு வகுத்தல் பிசகு, திருத்தினோம். 4, 14, 194, 4870, 3953, 5970, 1857, 36, 1294, 3470, அப்புறம் 128. இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கி. 128-இன் வர்க்கம் 16,384, இரண்டைக் கழித்தால் 16,382. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அவன் ஒரு நிமிஷம் பேசவில்லை. 8191-ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.